மீட்டருக்குப் பின்னால் உப்பு

நாக்கில் வைத்ததுமே தெரிந்துவிட்டது. உப்பு. அதற்குப் பின்னால் ஒரு புளிப்பு. அதற்கும் பின்னால் நாக்கு நுனியில் மெதுவாக ஏறிய காரம், கடைசியில் லேசான வெந்தயக் கசப்பு.

மச்சானுடைய காரில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். நல்ல உச்சி வெயில். ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கிற மீட்டர் போர்டைக் கழற்றி மடியில் கவிழ்த்துப் போட்டிருந்தேன். அதன் முதுகில் வந்து சொருகுகிற, காரோடு இருக்கிற வயர்க் கொத்தின் நுனிக் கப்ளரின் பின்களில் வெள்ளையாக ஒரு பொருக்கு படிந்திருந்தது. இடையிடையே பச்சை பூத்திருந்தது. அதைத்தான் நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்திருந்தேன்.

இது மோர் மிளகாய்.

அந்த நினைப்பு வந்ததற்கும் நான் வாயைத் திறந்ததற்கும் நடுவில் ஒரு மூச்சு நேரம் இருந்தது. அந்த மூச்சுக்குள்ளேயே இன்னொன்றும் தெரிந்தது. மோர் மிளகாயில் வெந்தயம் வறுத்துப் பொடித்துப் போடுவது எங்கள் அம்மா வழக்கம். இந்த வீட்டில் அப்படிப் போடக்கூடிய ஆள் ஒருத்திதான் இருக்கிறாள். தெரிந்தது, தெரிந்தும் கத்தினேன். அதை நினைத்தால் இப்போதும் காது மடல் சுடுகிறது.

பரளச்சிக்குப் பக்கத்தில் இருக்கிறது அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர். ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு வந்தவன், வாரக்கணக்கில் உட்கார்ந்துவிட்டேன். எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டுச் சென்னையில் ஒரு கம்பெனியில் சேர்ந்து, அங்கே எலக்ட்ரானிக்ஸைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்யச் சொன்னார்கள் என்று விட்டுவிட்டு வந்திருந்தேன். எங்கள் வீட்டில் இருந்தால் அப்பா பார்க்கிற பார்வை. இங்கே வந்தால் அக்கா சோறு போடுவாள், கேள்வி கேட்க மாட்டாள். அதுதான் கணக்கு.

மச்சான் கார் ஓட்டுகிறார். சொந்தக் கார், வாடகைக்கு. பெரும்பாலும் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகிற சவாரிகள். விடியலில் கிளம்பினால் மத்தியானத்துக்குள் திரும்பிவிடுவார். சாப்பிட்டுவிட்டு ஃபேனுக்கு அடியில் ஒரு தூக்கம், சாயந்தரம் அடுத்த சவாரி. வெயில் ஏற ஆரம்பித்த நாளிலிருந்து அந்தக் காருக்கு ஒரு வியாதி. காலையில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். மத்தியானம் வெயிலில் நின்ற வண்டியை எடுத்தால் ஸ்பீடு முள் பொத்தென்று கீழே விழும். கிலோமீட்டர் எண்கள் மறைந்துவிடும். பொழுது சாய்ந்தால் ஒன்றும் நடக்காத மாதிரி தானாக எழுந்துகொள்ளும்.

முள் விழுந்தால் என்ன, வண்டிதான் ஓடுகிறதே என்று நான் முதலில் நினைத்தேன். ஆனால் எண்கள் மறைந்த நேரத்தில் ஓடிய தூரம் கணக்கில் ஏறாது. வாடகையோ கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று. இத்தனை கிலோமீட்டர் என்று மச்சான் வாயால் சொல்ல வேண்டும், ஏறினவர் நம்ப வேண்டும். அருப்புக்கோட்டையில் இரும்புக் கடை வைத்திருக்கிற அண்ணாச்சி ஒருவர், பரளச்சியில் இருக்கிற தன் அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக மச்சானைத்தான் வழக்கமாகக் கூப்பிடுவார். நல்ல மனிதர். அவரே ஒரு நாள் வாசலில் நின்று, "மீட்டரே பேச மாட்டேங்குது, நீ பேசுனா நான் எப்பிடிப்பா கணக்கு எழுதுறது?" என்று கேட்டுவிட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். மச்சான் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

"நான் பாக்குறேன் மச்சான்" என்றேன்.

"ஒனக்கு இதெல்லாம் தெரியுமா மாப்ள?"

"நாலு வருசம் என்னத்தப் படிச்சேன்?"

படித்தது என்னவோ வேறு. வீடியோக்களைப் பார்த்தேன். எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: போர்டில் ஈயப் பற்று விட்டுப்போயிருக்கும், சூட்டில் விரிசல் திறந்துகொள்ளும், குளிர்ந்தால் மூடிக்கொள்ளும். கேட்கவே அழகாக இருந்தது. ஒரு காலை நேரத்தில் போர்டைக் கழற்றி, சந்தேகமான ஒவ்வொரு புள்ளிக்கும் புது ஈயம் வைத்து மாட்டினேன். முள் எழுந்தது. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன். கூடப் படித்தவர்களெல்லாம் கைதட்டி அனுப்பினார்கள். அன்று மத்தியானமே முள் விழுந்தது. ஸ்டேட்டஸை அழிக்க மனசில்லாமல் அப்படியே விட்டுவைத்தேன்.

அடுத்து எர்த் வயர். அதையும் சுரண்டித் துடைத்து இறுக்கினேன். மறுபடியும் விழுந்தது.

அப்புறம்தான் எனக்குப் புத்தி கொஞ்சம் வேலை செய்தது. அத்தை, அதாவது மச்சானுடைய அம்மா, பின்பக்கம் ஆட்டுக் கொட்டகை வைத்திருக்கிறார். தகரக் கூரை. மத்தியானத்தில் அதன்மேல் காக்கா கூட உட்காராது. மீட்டர் போர்டைக் கழற்றிக்கொண்டுபோய் அந்தத் தகரத்தின்மேல் வைத்து, பழைய பைக் பேட்டரியில் இருந்து கரண்ட் கொடுத்துவிட்டு, ஏணியில் நின்று துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பார்த்தேன். கை வைக்க முடியாத சூடு. எண்கள் மறையவே இல்லை, கல்லு மாதிரி நின்றன.

"ஏப்பா, அதென்ன அப்பளமா, கூரையில காயப் போட்டிருக்க?" என்று அத்தை கீழேயிருந்து கேட்டார். ஆடுகளுக்கு அகத்திக் குழை கட்டிக்கொண்டிருந்தார்.

"டெஸ்ட் பண்றேன் அத்தை."

"பண்ணு பண்ணு. ஆட்டு மேல விழுந்துராம பண்ணு."

ஆக, கோளாறு போர்டில் இல்லை. போர்டைக் கழற்றினாலும் காரிலேயே தங்கிவிடுகிற எதிலோ இருக்கிறது. அப்படியானால் அது கெடுகிற நேரத்தில், கெடுகிற இடத்தில் போய் உட்கார்ந்துதான் பிடிக்க வேண்டும். மத்தியானம், காருக்குள்.

இங்கேதான் அக்கா குறுக்கே வந்தாள். "இந்த வெயில்ல காருக்குள்ளயா? மயங்கி விழுந்தா நான் அம்மாவுக்கு என்ன பதில் சொல்லுவேன்? சாயந்தரம் பாரு." சாயந்தரம் பார்த்தால் கோளாறே இருக்காது என்று எடுத்துச் சொன்னேன். மறுநாள் மத்தியானம் சரியாக நான் ஸ்குரூ டிரைவரை எடுக்கும்போது, "தம்பி, திருச்சுழி வரைக்கும் போயி தயிர் வாங்கிட்டு வந்துரு" என்றாள். அதற்கு அடுத்த நாளும் தயிர். வெயில் காலம், மோர் குடிக்கிறார்கள் என்று நினைத்தேன். சாப்பாட்டில் மோர் வந்ததா என்று கூட யோசிக்கவில்லை. பைக் ஓட்டுவது பிடிக்கும், போய் வாங்கி வந்தேன். தூக்குவாளியில் தயிரைச் சுமந்து வந்தவனே நான்தான்.

ஒரு நாள் அண்ணாச்சி வந்தார். அம்மாவுக்கு மறுநாள் ஆஸ்பத்திரி, வண்டி வேண்டும், ஆனால் மீட்டர் சரியாகிவிட்டதா என்று கேட்கத்தான் வந்திருந்தார். இல்லையென்றால் வேறு வண்டி பார்ப்பார் என்பது அவர் சொல்லாமலே தெரிந்தது. சாப்பிட்டு எழுந்த மச்சான் கை துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். அத்தையும் வந்து நின்றார். அக்கா உள்ளே தண்ணீர் மோந்துகொண்டிருந்தாள். அவளுக்கு என்னை எங்கேயும் அனுப்ப நேரமில்லை.

"இப்பவே பாத்துருவோம் அண்ணாச்சி" என்று நான் காருக்குள் ஏறினேன். ஆள் கூடினால் எனக்கு ஒரு வேகம் வந்துவிடும். அது சின்ன வயதிலிருந்தே உள்ள கெட்ட குணம்.

மீட்டரை வெளியே இழுத்துத் தொங்கவிட்டுச் சாவியைத் திருப்பினேன். இருட்டு. கப்ளரை விரலால் அழுத்தினேன், எண்கள் வந்தன. விரலை எடுத்தேன், போய்விட்டன. அழுத்த, வர. எடுக்க, போக. கப்ளரை உருவினேன். முன்பு கழற்றியபோதெல்லாம் அதற்குள் எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. உள்ளே அந்த வெள்ளைப் பொருக்கு, பச்சை. தண்ணீர் இறங்கியிருக்கிறது.

ஆனால் எந்தத் தண்ணீர்? இந்தக் கோடையில் அந்தக் கார் ஒரு தூறல் கூடப் பார்க்கவில்லை. குடிக்கிற தண்ணீரே லாரிக்காகக் குடத்தை வரிசையில் வைத்துப் பிடிக்கிற ஊர். மச்சான் வண்டியைக் கழுவுவதில்லை, ஈரத்துணியால் துடைப்பதோடு சரி. அதனால்தான் நாக்கில் வைத்தேன்.

"மச்சான், கண்டுபிடிச்சாச்சு" என்று கத்தினேன். "ஒங்க மீட்டரு மோர் குடிச்சிருக்கு. யாரோ உள்ள மோர் மொளகா காயப் போட்டிருக்காக."

நிரூபிக்கவும் செய்தேன். முன் கண்ணாடி டேஷ்போர்டோடு சேருகிற இடுக்கில் ஸ்குரூ டிரைவர் நுனியை விட்டு நோண்டினேன். காய்ந்த மிளகாய் விதை ஒன்று வந்தது, பிறகு ஒரு காம்பு. அதை இரண்டு விரலில் பிடித்து உயர்த்திக் காட்டினேன்.

அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரித்தார். "அட, அதானா? எங்காத்தா வண்டியில ஏறுனா, பசிக்குதுடா, பழைய சோத்து நெனப்பு வருதுடான்னு ஒவ்வொரு தடவையும் சொல்லும். கண்ணுதான் போச்சுன்னு பாத்தா மூக்கும் போயிருச்சேன்னு நான் கவலப்பட்டேன்யா."

மச்சானும் சிரித்தார். "நானும் சவாரிக்கு வந்த ஏதோ பிள்ள வாந்தி எடுத்திருச்சுன்னு எலுமிச்ச சென்ட்டு அடிச்சு அடிச்சுப் பாத்தேன்." நானும் சிரித்தேன். நான்தான் கூடுதலாகச் சிரித்தேன்.

அத்தை சிரிக்கவில்லை. வாசல் பக்கம் திரும்பினார். அண்ணாச்சிக்காகச் செம்பில் தண்ணீரோடு அக்கா வந்து நின்றிருந்தாள்.

"வாகை மரத்தடியில வண்டிய நிறுத்தாதீக, காக்கா எச்சம் போட்டு பெயிண்டு போயிரும்னு சொன்னது நீதான?" என்றார் அத்தை, குரலை உயர்த்தாமல். "எம்மகன் வண்டிய வெயில்ல நிப்பாட்டச் சொன்னது இதுக்குத்தானா?"

மச்சானின் சிரிப்பு அடங்கியது.

அண்ணாச்சி நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தார். "ஏம்மா, மோர் மொளகா எங்க பஜாரு பூராம் கெடக்கே, வாங்கிக்கிட்டாப் போச்சு. இதுக்குப் போயி கார நாசம் பண்ணுவாகளா?"

அக்காவுக்குப் பொய் சொல்ல வராது. "பஜாருக்குக் குடுக்கத்தான் அண்ணாச்சி போட்டேன்" என்றாள்.

அவள் விற்கிறாள் என்பது அதுவரை அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. செம்பைத் திண்டில் வைத்துவிட்டு உள்ளே போனாள். செம்பில் தண்ணீர் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது.

"பஜாருக்கா?" என்று அத்தை கேட்டது அவளுக்குக் கேட்டிருக்கும்.

மச்சான் அண்ணாச்சியிடம் மன்னிப்புக் கேட்டார். வீட்டில் தெரியாத்தனமாகச் செய்துவிட்டார்கள் என்றார். தன் வீட்டுக்காரி செய்ததற்காகச் சவாரி கொடுக்கிறவர் முன்னால் ஒருவர் தலை குனிந்து நிற்பதை நான் காருக்குள் உட்கார்ந்து பார்த்தேன். அண்ணாச்சி போன பிறகு மச்சான் என் பக்கம் குனிந்து, "கெட்டிக்காரன்தான்யா நீ" என்று மட்டும் சொன்னார். அதற்கு அடித்திருக்கலாம்.

மற்றதையெல்லாம் பிறகு துண்டு துண்டாகச் சேர்த்துக்கொண்டேன். ஊருக்கு மேற்கே கல்குவாரி. லாரிகள் வீட்டைத் தாண்டித்தான் போகின்றன. வெளியே எதைக் காயப் போட்டாலும் அதன்மேல் மாவு மாதிரி தூசி இறங்கும். அக்கா முதலில் கொடுத்த மோர் மிளகாயைப் பஜார் மளிகைக் கடைக்காரர் கடித்துப் பார்த்து, பல்லில் மண் நறநறக்குது என்று திருப்பி அனுப்பிவிட்டாராம். அப்புறம்தான் அவள் கண் காரின்மேல் விழுந்திருக்கிறது. நாலு பக்கமும் கண்ணாடி. தூசி புகாது, ஆடு வாய் வைக்காது, காக்கா தூக்காது. மச்சான் கண் அசந்ததும் மிளகாயை மூங்கில் சொளகில் பரப்பி டேஷ்போர்டின்மேல் வைத்துவிடுவாள். அவர் எழுவதற்குள் எடுத்துவிடுவாள். காய்ந்ததை மறுபடி உப்பு மோரில் ஊறப்போட்டு, மறுநாள் மறுபடி வெயிலில். மோர் மிளகாய்க்கு அதுதான் முறை, மோர் வற்றும் வரை. ஒவ்வொரு நாளும் சொளகின் இடுக்கு வழியாக நாலு சொட்டு இறங்கியிருக்கிறது. சொட்டு காய்ந்து உப்பு தங்கியிருக்கிறது.

அந்த மிளகாயைக் கடைக்காரர் கடித்துப் பார்த்துவிட்டு, இன்னும் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அதற்குத்தான் அவ்வளவு தயிர்.

நான் கண்டுபிடித்தது கோளாறை. அவள் கண்டுபிடித்தது ஒரு சோலார் டிரையர். நான் கல்லூரியில் கடைசி வருஷ புராஜெக்டாக அதையே ஒன்று தெர்மாக்கோலில் செய்து மார்க் வாங்கியிருக்கிறேன். அதில் எதுவும் காய்ந்ததில்லை.

என் கையில் இருந்த, கரண்ட் பார்க்கிற மல்டிமீட்டர் அக்கா வாங்கிக் கொடுத்தது. "வேல தேடுறவன் கையில சாமான் இருக்கணும்டா" என்று காசை என் சட்டைப் பையில் திணித்தாள். ஏது காசு என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அன்றிலிருந்து காரை வாகை மரத்தடியில் நிறுத்துகிறார்கள். அக்கா என்னிடம் பேசாமல் இல்லை. சாப்பிட வா என்கிறாள், துணியைக் கொடு துவைக்கணும் என்கிறாள். அவ்வளவுதான். தயிர் வாங்கச் சொல்வதில்லை. அடுப்படி மூலையில் கடைசியாக ஊறப்போட்ட மிளகாய் ஒரு சட்டியில் இருந்தது. நான் ஒரு நாள் தட்டைத் திறந்து பார்த்தேன். மேலே ஆடையாகப் பூசணம் பிடித்திருந்தது. எனக்குப் பின்னால் வந்து நின்றவள், சட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"வெந்தயம் போட்டது தெரிஞ்சுதாடா?" என்று கேட்டாள்.

"தெரிஞ்சுது."

"கத்துறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

கையில் மிச்சமிருந்த தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எனக்கும் பொய் சொல்ல வராது போல. சட்டியைக் கொண்டுபோய்க் குப்பைக் குழியில் கவிழ்த்துவிட்டு வந்து சாம்பல் போட்டு விளக்கினாள். கூட நின்று தண்ணீராவது ஊற்றியிருக்கலாம். நின்றேன், ஊற்றவில்லை.

கப்ளரைப் பெட்ரோலில் நனைத்த பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். வெள்ளை போனது, பச்சை போனது, ஆனால் பின்கள் அரித்துக் குழி விழுந்துவிட்டன. இப்போது முன்னளவுக்கு மோசமில்லை. வெயில் உச்சிக்கு வரும்போது மட்டும் எண்கள் ஒரு தடவை கண் சிமிட்டிவிட்டு வருகின்றன. மரத்தடியில் நிற்பதால் அதுவும் குறைந்திருக்கிறது. மதுரைப் பக்கம் பழைய வண்டி உடைக்கிற இடத்தில் அதே கப்ளர் வயரோடு கிடைக்கும், வெட்டி ஒட்டித் தருகிறேன் என்று சொன்னேன். "மீட்டர விட்ரு மாப்ள, போன்ல தூரம் காட்டுதுல்ல, அதையே காட்டிக்கிறேன்" என்றார் மச்சான். அண்ணாச்சியும் அதை ஒத்துக்கொண்டுவிட்டாராம். அப்படிப் பார்த்தால் நான் ஒன்றையுமே கழற்றியிருக்க வேண்டியதில்லை.

ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று பையைக்கூட எடுத்து வைத்தேன். ஓடிவிட்டால் இந்தக் கூச்சம் பஸ் பாலவனத்தம் தாண்டுவதற்குள் குறைந்துவிடும், எனக்கு என்னைத் தெரியும். அதனாலேயே போகவில்லை.

அருப்புக்கோட்டையில் கார் கண்ணாடி மாற்றுகிற கடையில் ஓரம் விரிசல் விட்ட பழைய முன் கண்ணாடி ஒன்று கிடந்தது. கேட்டதும் தூக்கிக்கொண்டு போ என்றார்கள். பஸ்ஸில் ஏற்றவிடவில்லை, லோடு ஆட்டோவில் சிமெண்டு மூட்டைகளுக்கு நடுவில் அதைப் பிடித்துக்கொண்டு வந்தேன். இப்போது அது கொட்டகைச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. அடியில் கறுப்புப் பெயிண்ட் அடித்த தகரம், மேலே சாய்வாக இந்தக் கண்ணாடி, ஓரங்களில் காற்று போக ஓட்டை, ஓட்டைக்குத் தூசியைத் தடுக்க ரெண்டு மடிப்பு வேட்டித் துணி. சொட்டுகிற மோர் கீழே ஒரு தட்டில் விழுந்துவிட வேண்டும். கொட்டகைத் தகரத்தின்மேல் எவ்வளவு சூடு ஏறும் என்று எனக்கு ஏற்கனவே தெரியும்.

ஆனால் கொட்டகை அத்தையுடையது. அவரிடம் கேட்க வேண்டும். மருமகள் விற்கிறதுக்குக் காயப் போட இடம் கொடுங்கள் என்று, யார் முன்னால் அவளை நான் காட்டிக்கொடுத்தேனோ அவர் முகத்தைப் பார்த்து நான்தான் கேட்க வேண்டும். அதற்கும் முன்னால் அக்காவைக் கேட்க வேண்டும். அவளுக்கு இது வேண்டுமா என்றே எனக்குத் தெரியாது. வேண்டாம் என்றால் கண்ணாடியைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன். இந்தத் தடவை முடிவை அவள் சொல்வதற்கு முன்னால் நான் சொல்லப் போவதில்லை.

நாளை மத்தியானம் மச்சான் தூங்கின பிறகு, அத்தை ஆடு பத்திக்கொண்டு போன பிறகு, அடுப்படி வாசலில் போய் நிற்கலாம் என்றிருக்கிறேன். போகும்போது திருச்சுழியிலிருந்து ஒரு தூக்குத் தயிர் வாங்கிக்கொண்டு, சத்தமில்லாமல்.